பழைய களஞ்சியங்களைப் படம்பிடித்தல்

விடுமுறை நாள்களிலே ஒரு கமராவையும் ஓர் அளவுகோலையும் குறிப்பேடொன்றையும் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறங்களிற் சுற்றித் திரிவது எனது நெடுநாள் வழக்கம். கோயிலையும் குளத்தையும் கடற்கரையையும் படம்பிடிக்கச் செல்கின்றேன் என்றே கண்டோர் எண்ணுவர். யான் தேடிச் செல்வது பழைய நெற்களஞ்சியங்களை என்று அறிந்ததும், "இடிந்து கிடக்கும் கொம்பறையிலே பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது?" என வினவுவர். நமது ஆசிரியர் அறையிலும் இவ்வினா பன்முறை எழுந்ததுண்டு. யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, இதுவரை சிரித்து மழுப்பிய அவ்வினாவுக்கு விடையை எழுத்திலே தருதல் தகும் என எண்ணினேன். களஞ்சியம் என்பது யாது, அஃது ஏன் மறைகின்றது, அதனைப் படம்பிடித்தல் எவ்வாறு என்னும் மூன்றையும் இங்கே சுருக்கமாக விளக்க முயல்வேன். புகைப்படக் கலையில் யான் தேர்ச்சி பெற்றவன் அல்லன். பிழை செய்து கற்றவன். அப்பிழையையும் இக்கட்டுரையிற் சொல்லாது விடேன்.

களஞ்சியமும் அதன் பெயர்களும்

நெல்லைச் சேமித்து வைக்கும் இடத்துக்குத் தமிழிலே பெயர்கள் பல. மண்ணால் வளையங்கள் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைப்பது குதிர். வைக்கோற் புரியைச் சுற்றிச் சுற்றிக் கட்டி அதனுள்ளே நெல்லைக் கொட்டி வைப்பது சேர். மரப்பலகைகளைப் பொருத்திப் பெரும்பெட்டியாகச் செய்வது பத்தாயம். தடிகளாலே பின்னி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, நிலத்திலிருந்து உயர்த்தி நிறுத்திக் கூரை வேய்ந்தது கொம்பறை. இச்சொல் நமது நாட்டுத் தமிழருக்கு நன்கு பழக்கமானது. தமிழகத்து நண்பர் பலருக்கு இதனை விளக்கிச் சொல்லவேண்டியிருந்தது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, உழவர் மனைகளிலே ஏணியும் எட்டாத உயரமுடைய நெற்கூடுகள் நின்றதையும், அவற்றின் உச்சியைத் திறந்து தானியம் சொரிந்ததையும் கூறுகின்றது. அக்கூடுகளிலே பழைய நெல் செலவாகாது கிடந்தமையை அவ்வூரின் செல்வச் சிறப்பாகப் புலவர் காட்டுகின்றார். இரண்டாயிரம் ஆண்டை அண்டிய அக்கூட்டுக்கும் வன்னியிலே யான் கண்ட கொம்பறைக்கும் அமைப்பிலே எவ்வளவு ஒற்றுமை உண்டென்று என்னால் துணிந்து கூற இயலாது. ஆயினும், மேலிருந்து கொட்டிச் சேமித்தல் என்னும் முறை இரண்டிற்கும் பொது. வகுப்பிலே அப்பாட்டைக் கற்பிக்கும்போது கொம்பறைப் படமொன்றை மாணவர்க்குக் காட்டுகின்றேன். அரைமணி நேரம் விளக்கியும் விளங்காத பகுதி அப்படத்தைக் கண்ட மாத்திரத்தே அவர்களுக்கு விளங்கிவிடுகின்றது.

இன்னொன்றையும் இங்கே குறித்தல் வேண்டும். அறிவை ஒருங்கே திரட்டி வைத்த நூற்றொகுதிக்கு நாம் கலைக்களஞ்சியம் என்று பெயரிட்டோம். தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் 1954 ஆம் ஆண்டு முதல் 1968 ஆம் ஆண்டு வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலின் பெயரும் அதுவே. அப்பெயரை நாள்தோறும் வழங்கும் மாணவர்களுள் நெல் நிறைந்த களஞ்சியமொன்றைக் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர் என்று சென்ற ஆண்டு ஒரு வகுப்பிற் கேட்டேன். ஒருவர்தாமும் கையுயர்த்தவில்லை.

கொம்பறையின் அமைப்பு

கொம்பறை பார்வைக்கு எளியது. ஆயின், அதன் ஒவ்வோர் உறுப்பும் ஒரு பகைக்கு எதிராக அமைந்தது. நெல்லுக்குப் பகை நான்கு: ஈரம், எலி, கறையான், பூச்சி.

நன்கு காயாத நெல்லைக் குவித்து வைத்தால் அஃது உள்ளே வெப்பமுற்றுப் பூஞ்சணம் பிடிக்கும். நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதினான்கு பங்கு அளவுக்குக் குறைந்தால் அதனை நெடுநாள் வைத்திருக்கலாம் என்பது இக்கால ஆய்வாளர் கருத்து. பல்லிடுக்கில் ஒரு நெல்லை வைத்துக் கடித்து, ‘டக்’ என்று உடைந்தால் காய்ந்தது என்று கண்ட நமது முன்னோர் அதே முடிவைக் கருவியின்றி அறிந்தனர். காய்ந்த நெல்லைக் கொட்டிய பின்னர் நிலத்தின் ஈரம் அதனைத் தொடாதிருத்தல் வேண்டும். ஆகவே கொம்பறை கால்களின்மேல் நிற்கின்றது. கீழே காற்று உலாவுகின்றது. பாலை, முதிரை போன்ற வைரமேறிய மரங்கள் கால்களாகும். அக்கால்களை மண்ணிலே புதையாது கல்லின்மேல் நிறுத்துவதும் உண்டு. கறையான் நிலத்திலிருந்து நேரே மரத்தில் ஏறாமைக்கு அஃது உதவும். ஏறினாலும் கல்லின்மேல் அதன் மண்பாதை வெளியே தெரியும், உடனே தட்டிவிடலாம்.

சுவர் தடிகளாலும் கொடிகளாலும் பின்னியது. அதன்மேல் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவர். புற்றுமண் கிடைக்குமிடத்தில் அதனையே விரும்புவர். வெடிப்பு விழுந்தால் மீண்டும் மெழுகுவர். இம்மெழுக்கு எலிக்கும் பூச்சிக்கும் வழி விடாது. வெளியேயுள்ள வெப்பத்தையும் உடனே உள்ளே விடாது. கூரை பனையோலையாலோ வைக்கோலாலோ புல்லாலோ வேய்ந்தது. அதன் இறவாரம் சுவரைக் கடந்து வெளியே தாழ்ந்து நிற்பதனால், மாரிக்காலத்துச் சாரல் மண்சுவரைக் கரைக்காது. நெல்லினிடையே வேப்பிலையையும் நொச்சியிலையையும் இடுவது பூச்சியை விலக்கும் பொருட்டு.

இவ்வமைப்பு தமிழருக்கு மட்டும் உரியதென்று எண்ணலாகாது. சிங்களக் கிராமங்களிலே ‘வீ பிஸ்ஸ’ என்று வழங்குவதும் தடியாற் பின்னி மண் பூசி, கல்லின்மேல் உயர்த்திக் கூம்பிய கூரை வேய்ந்த கூடேயாகும். ‘அட்டுவ’ என்பது அதனிற் பெரிய, வீடு போன்ற களஞ்சியம். ஒரே மழையும் ஒரே கறையானும் உள்ள நாட்டிலே உழவர்கள் மொழி வேறுபட்டும் ஒரே விடையைக் கண்டனர்.

கொம்பறைகள் மறைந்த காரணம்

கொம்பறைகள் ஏன் அருகின என்று கேட்டால் யுத்தமே காரணம் என்பர் பலர். அஃது உண்மையின் ஒரு பாதி. 2000 ஆம் ஆண்டிலே தென்மராட்சி மக்கள் இடம்பெயர்ந்தபோதும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடம் விட்டு இடம் பெயர்ந்து அலைந்தபோதும், வீட்டோடு கொம்பறையும் கைவிடப்பட்டது. ஆண்டுதோறும் மெழுகாத மண்சுவர் சில மாரிக்கு மேல் நில்லாது. குண்டு விழாத இடத்திலும் மழை தன் வேலையைச் செய்தது.

மற்றப் பாதி ஓசையின்றி நிகழ்ந்தது. முன்னர் அரிவாளால் வெட்டிச் சூடு வைத்து, எருமையையோ மாட்டையோ கட்டி மிதித்து, தூற்றிக் காயவிட்டு வீட்டுக்குக் கொணர்ந்தனர். உழவு இயந்திரம் வந்தபின் சூடடிப்பு அதன் சில்லுக்கு மாறியது. இப்பொழுது வெட்டுதல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் ஒரே இயந்திரம் வயலுக்குள்ளேயே முடித்துவிடுகின்றது. பச்சை ஈரத்தோடு சாக்கிற் கட்டிய நெல் வயற்கரையிலேயே லொறியில் ஏறுகின்றது. விதைநெல்லையும் பலர் விலைக்கு வாங்குகின்றனர். வீட்டுக்கு வேண்டிய அரிசி கடையிலிருந்து வருகின்றது. வீட்டுக்கு வாராத நெல்லுக்குக் களஞ்சியம் எதற்கு?

இதற்காக உழவரைக் குறை கூறுதல் நேர்மையன்று. பசளைக்கும் மருந்துக்கும் இயந்திரக் கூலிக்கும் பட்ட கடன் அறுவடை நாளிலேயே வாயிலில் வந்து நிற்கின்றது. நெல்லை ஆறு திங்கள் சேமித்து விலையேறியபின் விற்பதற்குப் பொறுமை மட்டும் போதாது. கையிற் பணமும் வேண்டும். கொம்பறை என்பது நெல் வைக்கும் கூடு மட்டுமன்று; ‘இன்று விற்கமாட்டேன்’ என்று ஓர் உழவன் சொல்வதற்கு அவனுக்கு இருந்த வலிமையும் அதுவே. அவ்வலிமை குறைந்ததனையும் இடிந்த கொம்பறை நமக்குக் காட்டுகின்றது. இதனை உணர்ந்து பார்ப்பவனுக்கு அதனைப் படம்பிடித்தல் வெறும் அழகுணர்ச்சியாக அமையாது.

பிற நாட்டார் செய்தவை

பழைய களஞ்சியங்களைப் படம்பிடிக்கும் வழக்கம் மேலைநாடுகளில் மிகப் பரந்தது. அவர்கள் செய்ததில் நாம் கற்கத்தக்கவை உண்டு, விலக்கத்தக்கதும் உண்டு.

இங்கிலாந்திலே ஹாமண்ட்ஸ்வேர்த் என்னும் ஊரில் 1426, 1427 ஆம் ஆண்டுகளிலே கட்டப்பட்ட மரக் களஞ்சியமொன்று இன்றும் நிற்கின்றது. நீளம் ஏறத்தாழ 192 அடி. ஓக் மரத் தூண்கள் தேவாலயத்தின் உட்புறம்போல் இரு நிரையாக அமைந்துள்ளன. அதனைக் கட்டுவித்தது ஒரு பாடசாலை என்பது நமக்குச் சுவை தரும் செய்தி. 1382 ஆம் ஆண்டிலே தாபிக்கப்பெற்ற வின்செஸ்ரர் கல்லூரிக்கு அவ்வூர் நிலம் உரியதாயிருந்தது. அந்நிலத்து விளைவே அக்களஞ்சியத்தில் நிறைந்தது. இன்று அதனருகே ஹீத்ரோ விமான நிலையம் பரந்து கிடக்கின்றது. கவனிப்பாரின்றிப் பழுதுற்றிருந்த அதனை 2011 ஆம் ஆண்டிலே ஆங்கில மரபுரிமைக் கழகத்தார் விலைக்கு வாங்கிப் புதுக்கினர்.

ஐக்கிய அமெரிக்காவிலே 1933 ஆம் ஆண்டு, பெரும் பொருளாதாரத் தாழ்வின்போது, வேலையிழந்த கட்டடக் கலைஞர்களுக்குத் தொழில் கொடுத்தற்பொருட்டு ‘வரலாற்று அமெரிக்கக் கட்டடங்களின் அளவீடு’ என்னும் திட்டம் தொடங்கியது. கட்டடம் ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்த வரைபடம், நிழற்படம், எழுத்துக் குறிப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது அதன் விதி. மாளிகைகளோடு உழவர் களஞ்சியங்களும் அவ்வாறு பதிவாயின. அப்பதிவுகளைக் காங்கிரஸ் நூலகத்திலே எவரும் பார்க்கலாம்.

ஜேர்மனியராகிய பேர்ண்ட் பெக்கரும் அவர் மனைவி ஹில்லா பெக்கரும் 1959 ஆம் ஆண்டு முதல் நீர்த்தாங்கிகள், சுரங்கக் கோபுரங்கள், தானியக் கோபுரங்கள் முதலியவற்றைப் பல்லாண்டு படம்பிடித்தனர். வானம் மப்பாக உள்ள நாளிலே, நேர்முகமாக, ஒரே வகையான தூரத்தில் நின்று எடுப்பது அவர்கள் முறை. ஒரே இனத்துக் கட்டடங்கள் பலவற்றின் படங்களை நிரைநிரையாக அடுக்கினால், ஒன்றுக்கொன்று உள்ள ஒற்றுமையும் வேற்றுமையும் கண்ணுக்குத் தாமே புலப்படும். இம்முறையை யான் பின்னர்க் கைக்கொண்டேன். அதன் பயன் பெரிது.

இனி, விலக்கத்தக்கது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலே மலைத்தொடரொன்றின் முன்னே மோல்ற்றன் என்பவரின் பழைய களஞ்சியமொன்று நிற்கின்றது. உலகிலே மிகுதியாகப் படம்பிடிக்கப்பட்ட களஞ்சியங்களுள் அஃது ஒன்று. விடியுமுன்னரே கமராக்களோடு மக்கள் அங்கே கூடுவர். யாவரும் ஏறத்தாழ ஓரிடத்தே நின்று, ஏறத்தாழ ஒரு படத்தையே எடுத்துச் செல்வர். மலையும் ஒளியும் அழகியவை. ஆயினும் அதன் கதவு எத்திசையில் உள்ளது, உள்ளே என்ன வைத்தனர் என்பவற்றை அப்படங்களிற் பலவும் சொல்வதில்லை.

யான் செய்த பிழை

அவ்வாறு பிறரைக் குறை கூற எனக்கு உரிமை குறைவு. 2014 ஆம் ஆண்டு மாசி மாதத்திலே வன்னியிற் குளத்தை அடுத்த ஊரொன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், மீள்குடியேறியபின் தாமே புதிதாகப் பின்னிய கொம்பறையொன்றை வைத்திருந்தார். வீடு அழிந்துபோயினும் பழைய கொம்பறையின் முதிரைக் கால்கள் எஞ்சியிருந்தனவாம். அவற்றின்மேலேயே புதியதை எழுப்பியிருந்தார். மாலை வெயில் பொன்னிறமாக விழுந்துகொண்டிருந்தது. யான் மேற்றிசை நோக்கி நின்று, கொம்பறை கரிய வடிவாகவும் வானம் செவ்வொளியாகவும் தோன்றும்படி படம் பல எடுத்தேன். பெரியவர் திண்ணையிலிருந்தபடியே கேட்டார்:

"படம் பிடிச்சது சரி மாஸ்ரர். இது எத்தினை புசல் கொள்ளும் எண்டு கேக்கேல்லையே?"

"இன்னொரு நாள் வந்து ஆறுதலாய்க் கேக்கிறன் ஐயா" என்று சொல்லிப் பஸ்ஸைப் பிடிக்க விரைந்தேன்.

அப்படத்தைக் கண்டோர் எல்லோரும் புகழ்ந்தனர். கண்காட்சியொன்றிலும் அது வைக்கப்பட்டது. அந்த ‘இன்னொரு நாள்’ மட்டும் வரவில்லை. நான்கு ஆண்டுகளின் பின் அப்பெரியவரின் பேரன் என்னைத் தேடி வந்தான். அப்பப்பா காலமாகிவிட்டார் என்றும், அடுத்த மாரியிலே கொம்பறை சரிந்துவிட்டது என்றும் சொன்னான். "அதே மாதிரி ஒண்டு கட்டிப்பார்க்க விருப்பம் சேர். கதவுப் பலகையிலை அப்பப்பா வருஷ வருஷம் வந்த நெல்லைக் கோடு கோடாய்க் கீறி வைச்சவர். அது உங்கடை படத்திலை தெரியுமோ?" என்று கேட்டான்.

யான் எடுத்த பதினேழு படங்களையும் ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்தோம். கதவு இருந்த பக்கம் முழுவதும் கருநிழல். வானத்தின் செம்மையிலே ஒரு குறைவும் இல்லை. கோடுகளில் ஒன்றேனும் தெரியவில்லை. வெறும் நிலத்துக்குத் திரும்பிவந்த ஒரு குடும்பம் முதன்முதல் விளைவித்த நெல்லின் கணக்கு அது. அதன்முன் அரைமணி நேரம் நின்றவன் யான் ஒருவனே. கமரா என் கையில் இருந்தது. பேரன் என்னைக் குறை கூறவில்லை. படமொன்றின் பிரதியை வாங்கிக்கொண்டு வணக்கம் சொல்லிச் சென்றான். அன்றிலிருந்தே அளவுகோலும் குறிப்பேடும் என் பையிற் குடியேறின.

படம்பிடிக்கும் முறை

இப்பொழுது யான் கைக்கொள்ளும் ஒழுங்கை, இத்துறையிற் புக விரும்பும் மாணவர்க்காகக் கூறுகின்றேன்.

முதலாவது, உத்தரவு. வீட்டாரிடம் சொல்லி, அவர் மனம் ஒப்பியபின்னரே கமராவை எடுத்தல் வேண்டும். நெல் எவ்வளவு உண்டு என்பது ஒருவரின் பொருள்நிலை. அதனை வெளியார் படமெடுப்பதை அவர் விரும்பாதிருக்கலாம். ஆளில்லாத வளவுக்குள் ஒருபோதும் தனியே நுழையலாகாது. வன்னியிலே கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தையும், ஊரார் வேண்டாமென்று தடுக்கும் இடத்தையும் விட்டு விலகுக. கொம்பறையின் கீழே புடையன் பாம்பு கிடக்கும். இறவாரத்திலே குளவி கூடு கட்டியிருக்கும். தடியொன்று கையில் இருப்பது நன்று.

இரண்டாவது, ஒளி. நண்பகல் ஏற்றதன்று. சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாள்களிலும் ஆவணியின் நடுவிலும் நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்பொழுது இறவாரத்தின் நிழல் சுவர் முழுவதையும் மறைத்துவிடும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் வெயில் பக்கவாட்டில் விழுவதனால் மண்பூச்சின் மேடுபள்ளமும் தடிப்பின்னலும் துலங்கும். வானம் மப்பாயிருந்தால் எந்நேரமும் நன்று. சூரியனுக்கு முகங்கொடுத்து எடுக்கும் அழகுப் படத்தை எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாக எடுத்துக்கொள்க.

மூன்றாவது, நிற்கும் இடம். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கு திசையிலும் ஒரே தூரத்தில் நின்று நான்கு படம் எடுத்தல் வேண்டும். கமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் பின்னோக்கிச் சாய்வனபோலத் தோன்றும். ஆகையால் அதனை மட்டமாகப் பிடித்துப் பின்னே நகர்க. கைத்தொலைபேசியால் எடுப்போர் அண்மையில் நின்று அகலமாக எடுத்தால் உருவம் திரியும். சற்றுத் தொலைவிலே நின்று இருமடங்கு பெருப்பித்து எடுப்பது மேல். இவற்றின் பின்னர் ஐந்தாவது படமாக, வீடு, கிணறு, மாட்டுக்கொட்டில் ஆகியவற்றோடு கொம்பறை எங்கே நிற்கின்றது என்று காட்டும் தூரப்படம் ஒன்று வேண்டும்.

நான்காவது, உறுப்புகள். காலும் கல்லும் சேரும் இடம், பின்னலின் முடிச்சு, கதவு, தாழ், கூரையின் உட்புறம், சுவரிலுள்ள கீறல்கள் ஆகியவற்றைத் தனித்தனியே எடுக்க. உட்புறம் இருளாயிருப்பின் கமராவை முக்காலியில் நிறுத்தி நெடுநேர ஒளிபாய்ச்சலால் எடுப்பதே சிறந்தது. மின்னொளி பாய்ச்சினால் எல்லாம் தட்டையாகிவிடும்.

ஐந்தாவது, அளவு. பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒருமுறை கறுப்பும் வெள்ளையுமாக நிறந்தீட்டிய ஒரு மீற்றர் தடியொன்றைக் கட்டடத்தோடு ஒட்டி நிறுத்தி ஒரு படமாவது எடுத்தல் வேண்டும். அளவுகள் கிடைத்தால் கொள்ளளவையும் கணிக்கலாம். வட்டமான கொம்பறையொன்றின் உள்விட்டம் 6 அடி, உயரம் 5 அடி என்று கொள்வோம். விட்டத்தின் பாதியாகிய 3 ஐ 3 ஆற் பெருக்க 9. அதனை 22/7 ஆலும் பின்னர் 5 ஆலும் பெருக்க ஏறத்தாழ 141 கன அடி. ஒரு புசல் ஏறத்தாழ 1.28 கன அடி. ஆகவே 110 புசல் கொள்ளும். புசலொன்று 46 இறாத்தல் என வைத்தால் அஃது ஏறத்தாழ 2,300 கிலோ நெல். பெரியவர் கேட்ட வினாவுக்கு விடை இவ்வளவு எளிது. தடியொன்று அன்று என் கையில் இருந்திருந்தால் போதும்.

ஆறாவது, எழுத்து. ஊர், நாள், திசை, கட்டியவர், கட்டிய காலம், மரத்தின் பெயர், கடைசியாக நெல் வைத்த ஆண்டு, வீட்டார் வழங்கும் சொற்கள் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதுக. சொற்களைப் பற்றிக் குறிப்பாகச் சொல்வேன். ஒரே உறுப்புக்கு மன்னாரில் ஒரு பெயரும் முல்லைத்தீவில் வேறொரு பெயரும் வழங்கலாம். கட்டடம் சரிந்தால் அச்சொல்லும் அதனோடு போய்விடும். தமிழாசிரியனாகிய எனக்குச் சொல்லின் இழப்பு மரத்தின் இழப்பிற் சிறிதன்று.

ஏழாவது, பாதுகாப்பு. படங்களை ஒரே தொலைபேசியிலோ ஒரே கணினியிலோ வைத்திருப்பது ஒரே கொம்பறையில் எல்லா விதைநெல்லையும் வைப்பது போன்றது. மூன்று பிரதிகள் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருத்தல் நன்று. சிறந்தவற்றைக் காகிதத்தில் அச்சிட்டுப் பின்புறத்தே பென்சிலால் விவரம் எழுதுக. வீட்டாருக்கு ஒரு படம் அனுப்புதல் கடமை.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

எனது அப்பாச்சியின் வீடு தென்மராட்சியில் இருந்தது. முற்றத்தின் தென்கோடியிலே ஒரு கொம்பறை நின்றது. சிறுவனாயிருந்தபோது அதன் கீழே ஒளித்து விளையாடியிருக்கின்றேன். 2000 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது எமக்கு இருபது வயது. எடுத்துச் சென்றவற்றுள் படப்புத்தகம் இல்லை. 2002 இலே திரும்பியபோது வீட்டின் அத்திவாரமும் கிணற்றுக் கட்டும் இருந்தன. கொம்பறை இருந்த இடம் பற்றையாய்க் கிடந்தது. அதன் உருவம் இனி நினைவில் மட்டுமே என்று எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கனடாவிலுள்ள மாமி ஒருவர் தமது கலியாணப் படமொன்றை அனுப்பினார். மணமக்களின் அருகே எனது சித்தப்பா நிற்கின்றார். அவருக்குப் பின்னே, படத்தின் ஓரத்திலே, கொம்பறையின் ஒரு காலும் கூரையின் ஒரு பகுதியும் தெரிகின்றன. படமெடுத்தவர் அதனைக் கருதி எடுத்தவரல்லர். எனினும் சித்தப்பாவின் உயரத்தை அளவாகக் கொண்டு காலின் உயரத்தைக் கணித்தேன்: இரண்டேகால் அடி. என் சிறுவயதிலே மாளிகைத் தூண்போற் பெரிதாகத் தோன்றிய கால் அது. அப்பாச்சியின் கொம்பறையைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த அளவு அஃது ஒன்றே.

ஆகவே நம் கல்லூரிப் பழைய மாணவர்களிடம், சிறப்பாகக் கடல் கடந்து வாழ்வோரிடம், ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய படங்களை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மனிதரை அன்று, மனிதருக்குப் பின்னே உள்ளதைப் பாருங்கள். கொம்பறை, சூட்டுக்களம், துலாக்கிணறு, புகையிலைக்குப் புகையூட்டிய குடில், படலை என்பவற்றுள் ஏதேனும் ஓரத்தில் நின்றால் அப்படத்தின் பிரதியொன்றை ஊர்ப்பெயரும் ஆண்டும் எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள். மாணவர்களே, உங்கள் பேரனோ பேர்த்தியோ உயிரோடிருந்தால் அவரோடு இருந்து அப்படங்களைப் பாருங்கள். அவர் சொல்வதை எழுதுங்கள். வரும் மாசி அறுவடைக் காலத்திலே யான் மீண்டும் வன்னிக்குச் செல்லவிருக்கின்றேன். கூட வர விரும்பும் மாணவர் ஒரு மீற்றர் தடியோடும் குறிப்பேட்டோடும் வரலாம். கமரா இல்லாவிடினும் குற்றமில்லை.